ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன விலை? பகுதிநேர கார் டீடெய்லிங்கில் நான்கு ஆண்டுகள், மூன்று விலைப்பட்டியல்கள்

கோவை கணபதியில் குடியிருந்துகொண்டு, வார நாட்களில் ஒரு பம்ப் தயாரிப்பு நிறுவனத்தின் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்தபடி, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வாடிக்கையாளர் வீட்டுக்கே சென்று கார் டீடெய்லிங், அதாவது காரை உள்ளும் புறமும் நுணுக்கமாகச் சுத்தம் செய்யும் வேலை, செய்து வருகிறேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய இந்தத் தொழிலில், எந்த மெஷின் வாங்குவது, எந்த ஷாம்பு நன்றாக நுரைக்கும் என்ற கேள்விகளுக்கெல்லாம் சில மாதங்களிலேயே விடை கிடைத்துவிட்டது. விலை வைப்பதற்கு மட்டும் ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆனது. அந்தக் காலத்தில் இரண்டு முறைகளைக் கையாண்டு கைவிட்டேன். இப்போது பின்பற்றும் மூன்றாவது முறைக்கு இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகிறது. மூன்றையும் பயன்படுத்திப் பார்த்தவன் என்ற அளவில் என் அனுபவத்தைப் பதிவு செய்கிறேன்.

முதல் முறையை முறை என்று சொல்வதே அதிகம். பக்கத்து வாட்டர் சர்வீஸ் நிலையத்தில் என்ன வாங்குகிறார்கள் என்று கேட்டு, அதன்மேல் நூறு ரூபாய் கூட்டி, எந்தக் காராக இருந்தாலும் உள்ளும் புறமும் சேர்த்து 600 ரூபாய் என்று வைத்தேன். அவர்களிடம் காரைத் தூக்கும் லிஃப்ட் இருக்கிறது, நான்கு பையன்கள் இருக்கிறார்கள், ஒரு கார் முக்கால் மணி நேரத்தில் வெளியே போகிறது; நானோ ஒற்றை ஆளாக, இருக்கையின் தையல் இடுக்குவரை பிரஷ் விட்டுத் தேய்க்கிறேன். இரண்டும் வேறு வேறு வேலை என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. ஆனாலும் அந்த நூறு ரூபாய்க்கு மேல் கூட்டிக் கேட்க வாய் வரவில்லை.

ராமேஸ்வரம் போய்த் திரும்பிய ஒரு வெள்ளை இன்னோவாதான் அந்தக் கூச்சத்தைப் போக்கியது. மூன்று வரிசை இருக்கைகளிலும் குழந்தைகள் ஈரத் துணியோடு உட்கார்ந்து வந்திருந்தார்கள். முன் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளியபோது, அது நகரும் தண்டவாளத்தின் கிரீஸில் கடற்கரை மணல் குழைந்து, அதில் முறுக்குத் துண்டுகளும் ஒரு ரூபாய் நாணயமும் புதைந்து கிடந்தன. வேக்குவம் உறிஞ்சியது மேல் மணலை மட்டுமே. கிரீஸோடு ஒட்டியதைப் பல் துலக்கும் பிரஷ் கொண்டு அங்குலம் அங்குலமாக எடுக்க வேண்டியிருந்தது. காலை 7 மணிக்குத் தொடங்கி மதியம் 2.30க்கு முடித்தேன். பொருளுக்கும் பெட்ரோலுக்கும் போன 140 ரூபாயைக் கழித்தால் ஏழரை மணி நேரத்துக்குக் கையில் நின்றது 460 ரூபாய், அதாவது மணிக்கு 61 ரூபாய். அன்று மாலை எங்கள் வீட்டில் தேங்காய் பறிக்க வந்தவர் ஆறு மரம் ஏறி இறங்கி, ஒன்றரை மணி நேரத்தில் 600 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். அவர் கேட்டது நியாயமான கூலி. குறை என் கணக்கில்தான் இருந்தது.

2022 பொங்கலுக்குப் பிறகு இரண்டாவது முறைக்கு மாறினேன். பெரும்பாலான கடைகளில் தொங்கும் பட்டியலைப்போல, ஹேட்ச்பேக்குக்கு 900, செடானுக்கு 1,100, எஸ்யூவிக்கு 1,500 என்று வண்டியின் அளவை வைத்து விலை எழுதினேன். இதன் பெரிய நன்மை, தொலைபேசியிலேயே விலை சொல்லிவிடலாம் என்பதுதான். வாடிக்கையாளருக்கும் இது எளிதில் புரியும். பெரிய வண்டிக்குப் பெரிய விலை என்பதை யாரும் மறுத்துப் பேசுவதில்லை. பதினான்கு மாதங்கள் இதையே பயன்படுத்தினேன்.

இந்தக் காலத்தில் நான் செய்த உருப்படியான காரியம் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டதுதான். பட்டறைப் பழக்கம் விடாததால், ஒவ்வொரு காருக்கும் தொடங்கிய நேரம், முடித்த நேரம், எந்தப் பகுதிக்கு எவ்வளவு நிமிடம் என்று குறித்துவந்தேன். 71 கார்கள் ஆனபின் உட்கார்ந்து பார்த்தபோது, ஒரே அளவு பராமரிப்பில் உள்ள ஸ்விஃப்ட் ஹேட்ச்பேக்குக்கும் கிரெட்டா எஸ்யூவிக்கும் இடையே நாற்பது நிமிட வித்தியாசம்கூட இல்லை. ஆனால் ஒரே மாடலில் வாரம் ஒருமுறை துடைக்கப்படும் காருக்கும் ஆண்டு முழுதும் கதவைத் திறந்து மூடுவதோடு விடப்பட்ட காருக்கும் மூன்று மணி நேர வித்தியாசம் இருந்தது. வங்கி மேலாளர் ஒருவரின் கிரெட்டாவை இரண்டே முக்கால் மணி நேரத்தில் முடித்து 1,500 வாங்கிய அதே மாதத்தில், நாய் வளர்ப்பவர் ஒருவரின் ஆல்டோவில் ஆறு மணி நேரம் முடி பிடுங்கி 900 வாங்கியிருக்கிறேன். காரைச் சுத்தமாக வைத்திருந்தவர், அப்படி வைத்திராதவரின் செலவையும் சேர்த்துச் செலுத்தியிருக்கிறார். அந்த மேலாளர் அடுத்த முறை என்னை அழைக்கவில்லை. காரணத்தை அவர் சொல்லவில்லை என்றாலும் எனக்குத் தெரியும்.

மூன்றாவது முறையை 2023 ஏப்ரலில் தொடங்கினேன். இந்த முறை காரை விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமையில் இருந்து கணக்குப் போட்டேன். முழுநேரக் கடைக்காரருக்குக் கார் வராத நாள்தான் கவலை. என்னிடம் விற்பதற்கு இருப்பதே ஞாயிறுகள்தான், அவையும் எண்ணி வைத்தவை. கல்யாணம், காதுகுத்து, மழை, உடம்பு சரியில்லாத நாள் எல்லாம் போக ஆண்டுக்கு 38 ஞாயிறுகள் என்று வைத்துக்கொண்டேன். ஒரு நாளில் ஏழு மணி நேரம் வெளியே இருந்தாலும் பயணம், சாமான் இறக்கி ஏற்றுவது, வாடிக்கையாளரோடு பேச்சு என்று ஒன்றரை மணி நேரம் போய்விடுகிறது. காரின்மேல் கை இருக்கும் நேரம் ஐந்தரை மணிதான்.

என் நேரத்துக்கு என்ன மதிப்பு என்பதற்கு நிறுவனமே விடை வைத்திருந்தது. அப்போதிருந்த தொழிற்சாலைச் சட்டப்படி மிகைநேர வேலைக்கு வழக்கமான ஊதியத்தின் இருமடங்கு தர வேண்டியிருந்தது. என் சம்பளத்தில் அது மணிக்கு 240 ரூபாய் வந்தது. ஞாயிறன்று நான் ஓவர்டைம் போயிருந்தால் கிடைத்திருக்கும் தொகை அது என்பதால், அதற்குக் கீழே இறங்குவதில் பொருளில்லை. ஏழு மணி நேரத்துக்கு 1,680 ரூபாய். அதை ஐந்தரை மணி நேரத்தில் ஈட்ட வேண்டுமானால் மணிக்கு 305 ரூபாய் ஆகிறது. பிரஷர் வாஷர், வெட் வேக்குவம், பாலிஷர் எல்லாம் சேர்த்து 42,000 ரூபாய் முதலீட்டை மூன்று ஆண்டுகளுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 14,000. மைக்ரோஃபைபர் துணி, பேட், பிரஷ் மாற்ற 6,000. இந்த 20,000 ரூபாயை ஆண்டின் 209 மணி நேரத்துக்குப் பங்கிட்டால் மணிக்கு 96 ரூபாய். ஆக, காரின்மேல் செலவிடும் ஒவ்வொரு மணிக்கும் 400 ரூபாய். அதோடு ஷாம்பு, கிளீனர், பெட்ரோலுக்குக் காருக்கு 190.

வாடிக்கையாளரிடம் மணிக்கணக்கைச் சொல்வதில்லை. நான் நேரத்தை இழுத்தடிப்பேனோ என்ற ஐயத்தோடு அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தால் வேலை ஓடாது. அதற்குப் பதிலாக வாட்ஸ்அப்பில் நான்கு படங்கள் கேட்கிறேன்: ஓட்டுநர் பக்கத்து மேட், பின் இருக்கை, டிக்கி, வெயில் படும்படி எடுத்த பானெட். அவற்றைப் பார்த்து, நன்கு பராமரித்த காருக்கு 1,200, வழக்கமான அழுக்குக்கு 1,600, நீண்ட நாள் கவனிக்காத காருக்கு 2,200 என்று மூன்றில் ஒன்றைச் சொல்கிறேன். முறையே இரண்டரை, மூன்றரை, ஐந்து மணி நேர வேலை. மூன்று வரிசை வண்டிக்கு மட்டும் 200 கூடுதல். தண்ணீர்க் குழாயைத் திறப்பதற்கு முன் சொன்ன விலைதான் இறுதி; என் மதிப்பீடு தவறினால் நட்டம் என்னுடையது. முதல் ஆண்டில் ஐந்தில் ஒரு முறை தவறியது. இப்போது அரிதாகத்தான் தவறுகிறது.

மாறிய உடனே அழைப்புகள் குறைந்தன. முன்பு விசாரித்த பத்துப் பேரில் எட்டுப் பேர் சம்மதித்தார்கள் என்றால் இப்போது ஐந்து பேர்தான். "ஏனுங்க தம்பி, வாட்டர் சர்வீஸ்ல ஐந்நூறுக்கு முடிச்சுத் தர்றாங்களே, நீங்க ஆயிரத்து அறுநூறு சொல்றீங்க?" என்று கேட்பவரிடம் இப்போது வாதாடுவதில்லை, வெளிப்புறம் மட்டும் கழுவ வேண்டுமானால் அங்கே போவதே நல்லது என்று சொல்லிவிடுகிறேன். ஒரு நாளுக்கு இரண்டு கார் போதும் என்பதால் அந்த ஐந்து பேரே என் ஞாயிறுகளை நிரப்பிவிடுகிறார்கள். சேவைத் தொழிலில் ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்தைத் தாண்டாதவரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை என்பதும் எனக்குச் சாதகம். பெரிய டீடெய்லிங் ஸ்டூடியோவில் 2,000 ரூபாய் வேலைக்கு 18 சதவீத வரியோடு 2,360 ஆகிறது.

தள்ளுபடிகளில்தான் அதிகம் அடிபட்டேன். பழைய கார் விற்பனையாளர் ஒருவர் மாதம் எட்டு கார் தருவதாகச் சொல்லி, காருக்கு 1,000 ரூபாய் என்று பேசி முடித்தார். அந்தப் பணம் நான்கு மாதம் இழுபட்டு, கடைசி 3,000 ரூபாய் வரவே இல்லை. பணம் முழுதாக வந்திருந்தாலும் அது தவறான பேரம் என்பது பிறகுதான் உறைத்தது. சும்மா கிடக்கும் நேரம் உள்ளவருக்கு மொத்தமாக வரும் வேலை லாபம். எனக்குச் சும்மா கிடக்கும் ஞாயிறு ஏது? மாதம் நான்கு முறை கழுவ 1,600 ரூபாய் என்ற சந்தாத் திட்டமும் ஒவ்வொரு முறையும் ஊரின் மறுகோடிவரை போய்வரும் பெட்ரோலில் கரைந்து நான்கே மாதத்தில் நின்றது. உறவினர்களுக்கு ஆயுத பூஜைக்கு முன் ஆண்டுக்கு ஒருமுறை இலவசம், மற்ற நாட்களில் முழு விலை என்று வைத்திருக்கிறேன். பெரியப்பா மட்டும் இரண்டு மாதம் பேசாமல் இருந்தார். இப்போது பேசுகிறார், முழு விலையும் தருகிறார்.

ஆயுத பூஜை வாரத்தில் 300 ரூபாய் ஏற்றிப் பார்த்ததும் தவறு. தக்காளிக்கு அன்றன்றைக்கு ஒரு விலை இருக்கலாம். ஆண்டு முழுதும் முகம் பார்க்கும் வாடிக்கையாளரிடம் அது செல்லவில்லை, இரண்டு பேர் விலகிக்கொண்டார்கள். இப்போது அந்த வாரத்துக்கு விலையை மாற்றாமல், முன்பணமாக 300 ரூபாய் ஜிபேயில் வாங்கிக்கொண்டு நாளை உறுதி செய்கிறேன். உண்மையில் கூடுதல் வேலை பூஜைக்குப் பிந்தைய வாரத்தில்தான். பானெட்டில் பூசிய சந்தனமும் குங்குமமும் வெயிலில் காய்ந்து ஓடுபோல ஒட்டியிருக்கும். அவசரத்தில் நகத்தால் சுரண்டினால் அதிலுள்ள துகளே கோடு இழுத்துவிடும். ஈரத் துணியைப் பத்து நிமிடம் போர்த்தி வைத்து, அது தானாக இளகிய பிறகுதான் வழித்தெடுக்க வேண்டும். இந்த அரை மணிக்கு 200 ரூபாய் என்று தனியாகவே சொல்லிவிடுகிறேன், யாரும் மறுத்ததில்லை.

தண்ணீரையும் விலையில் சேர்க்க வேண்டியிருக்கிறது. சிறுவாணித் தண்ணீர் வரும் வீடுகளில் சிக்கலில்லை. சரவணம்பட்டிப் பக்கம் போர்வெல் உப்புத் தண்ணீரில் கழுவினால், துடைப்பதற்குள் வெயிலில் காய்ந்து கறுப்புக் காரில் வெள்ளை வட்டங்கள் விழுகின்றன. அங்கே கடைசி அலசலுக்கு நல்ல தண்ணீர் கேன் கொண்டுபோகிறேன், அதற்கு 100 ரூபாய்.

பாலிஷ் வேலையை இந்தப் பட்டியலுக்கு வெளியே வைத்திருக்கிறேன். கம்பெனி பெயிண்ட் எல்லா அடுக்கும் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). மேலே உள்ள நிறமற்ற பூச்சான கிளியர் கோட் அதில் ஒரு பகுதி. பாலிஷுக்காகத் தேய்க்கும் ஒவ்வொரு ரப்பிங்கும் அதைச் சிறிது தின்கிறது. மலிவாக வைத்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேட்பார்கள் என்பதால், ஒரு முழு ஞாயிற்றை எடுத்துக்கொண்டு 3,500 வாங்குகிறேன். பெயிண்டைக் காக்கப் பூசும் செராமிக் கோட்டிங் செய்வதில்லை. தூசி பறக்கும் தெருவில் அதைப் பூசிவிட்டு உத்தரவாதம் தர என்னால் முடியாது.

இந்த முறையின் தீராத குறை மழை. ஐப்பசியில் சனிக்கிழமை இரவு பெய்தால் ஞாயிறு காலை இரண்டு கார்களும் தள்ளிப்போகின்றன. சென்ற ஆண்டு 38 என்று எண்ணியதில் 31தான் முழுதாகக் கிடைத்தது. அதற்காக விலையைக் கூட்டலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டேன். ஏப்ரலில் சம்பளம் உயர்ந்து மிகைநேர ஊதியம் 265 ஆனதால் மட்டும் கணக்கைத் திரும்பப் போட்டேன். மணிக்கு 433 வருகிறது, 1,600 ரூபாய் வேலை 1,700 ஆகிறது. செப்டம்பர் முதல் புதிய விலை என்று பழைய வாடிக்கையாளர்களுக்கு ஒரு மாதம் முன்பே செய்தி அனுப்பிவிட்டேன். இதுவரை பதில் எழுதிய பதினோரு பேரில் இருவர் விலையைப் பற்றிக் கேட்டார்கள். மற்றவர்கள் கேட்டது ஆயுத பூஜைக்கு முந்தைய ஞாயிறு காலியாக இருக்கிறதா என்றுதான்.