600 மி.மீ. லென்ஸா, பத்து அடி கிட்டப் போவதா?

கொழும்பில் பறவைப் படம் எடுக்கத் தொடங்கியவர்கள் கொஞ்ச நாளிலேயே ஒரே கேள்விக்கு வந்து நிற்பார்கள்: "படம் தெளிவா வருதில்லை, என்ன கமரா வாங்கலாம்?" கையில் இருப்பது பெரும்பாலும் ஒரு போன். அல்லது வெளிநாட்டுச் சொந்தக்காரர் யாரோ கொண்டுவந்து கொடுத்த பழைய டிஎஸ்எல்ஆர் (லென்ஸ் மாற்றக்கூடிய கமரா), அதோடு வந்த 18-55 லென்ஸ். இந்த எண்கள் லென்ஸின் குவியத் தூரம், மி.மீ.யில்; எண் கூடக் கூடத் தூரத்துப் பொருள் பெரிதாக வரும். அடுத்த படிக்கு மூன்று வழிகள் உண்டு. லென்ஸ் கழற்ற முடியாத நீள ஸூம் கமரா ஒன்று வாங்கலாம். நிக்கோன் பி950, கெனன் எஸ்எக்ஸ்70 அந்த வகை. இருக்கும் டிஎஸ்எல்ஆருக்கு 55-250 அல்லது 70-300 என்று சிறிய லென்ஸ் ஒன்று சேர்க்கலாம். காசு இருந்தால் சிக்மா, டாம்ரோன் 150-600 பக்கம் போகலாம். கணினியில் திருத்திக்கொள்ளலாம் என்று நாலாவது கட்சியும் இருக்கிறது. காசே செலவழிக்காத ஐந்தாவது வழியைப் பற்றி, அதாவது பறவைக்குக் கிட்டப் போவதைப் பற்றி, யாரும் கேட்பதில்லை.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். வெண்தொண்டை மீன்கொத்தி சுமார் 28 செ.மீ. நீளம். கொழும்புப் பக்கத்துத் தியசரு ஈரநிலப் பூங்காவில் 20 மீட்டர் தள்ளி ஒரு கொப்பில் பக்கவாட்டில் இருக்கிறது என்று வைப்போம். கெனனின் சாதாரண டிஎஸ்எல்ஆர்களில் இருக்கும் ஏபிஎஸ்-சி அளவுச் சென்ஸரில் (ஒளியைப் படமாக்கும் தகடு) 250 மி.மீ. லென்ஸ் போட்டு எடுத்தால், படத்தின் அகலத்தில் ஆறில் ஒரு பங்குதான் பறவை. 24 மெகாபிக்சல் கமராவில் பறவையை மட்டும் வெட்டி எடுத்தால் சுமார் 940 பிக்சல் மிஞ்சும். வாட்ஸ்அப்பில் காட்டப் போதும், சுவரில் மாட்டப் போதாது. அதே இடத்தில் நின்று 600 மி.மீ.யால் எடுத்தால் பறவை அகலத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டும். பி950இல் முழு ஸூமையும் இழுத்தால் ஐந்தில் நான்கு பங்கு!

"அதெல்லாம் சரி, ஸூம் கமராவின் சென்ஸர் சின்னதுதானே, படம் புள்ளி புள்ளியாகத்தானே வரும்" என்பார்கள். சென்ஸர் சின்னது என்பது உண்மை. ஏபிஎஸ்-சி சென்ஸரின் பரப்பில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் வரும். ஆனால் தூரத்துப் பறவையிலிருந்து எவ்வளவு ஒளி உள்ளே வருகிறது என்பதைத் தீர்மானிப்பது லென்ஸ் வாயின் விட்டம்; விட்டம் இரு மடங்கானால் ஒளி நான்கு மடங்கு. மி.மீ.யை லென்ஸில் எழுதியிருக்கும் எஃப் எண்ணால் வகுத்தால் விட்டம் கிடைக்கும். பி950 முழு ஸூமில் உண்மையில் 357 மி.மீ., எஃப் 6.5; வகுத்தால் விட்டம் 55 மி.மீ. 250 மி.மீ. லென்ஸ் எஃப் 5.6இல் 45 மி.மீ.தான். அதாவது ஒரே இடத்தில் நின்று ஒரே மீன்கொத்தியை எடுத்தால், கேலி செய்யப்படும் ஸூம் கமராதான் அந்தப் பறவையிலிருந்து ஒன்றரை மடங்கு ஒளியைச் சேர்க்கிறது. 600 மி.மீ., எஃப் 6.3 என்றால் விட்டம் 95 மி.மீ.; ஒளி பி950ஐப் போல மூன்று மடங்கு. கிட்டப் போகவே முடியாத பறவைக்கு வரிசை இதுதான்: 150-600, ஸூம் கமரா, கடைசியில்தான் 55-250. கடைக்காரர்கள் இந்த வரிசையைச் சொல்லிக் கேட்டதில்லை.

ஆனால் "கிட்டப் போகவே முடியாத" என்ற நிபந்தனை கொழும்பில் எத்தனை இடங்களுக்குப் பொருந்தும்? ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் 2018இல் முதன்முதலாக ஈரநில நகரங்கள் என்று ஏற்கப்பட்ட 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. இங்கே நீர்ப்பறவைகள் ஆட்களுக்குப் பழகிப்போய் நடமாடுகின்றன. பேர வாவிக் கரையில் கூழைக்கடாக்கள் மரங்களிலும் விளக்குக் கம்பங்களிலும் இருக்கும். பறவை 1.3 மீட்டர் நீளம். 15 மீட்டரில் நின்றால் 250 மி.மீ. லென்ஸிலேயே படம் நிரம்பிவிடும். அங்கே 600 மி.மீ.யால் எடுத்தால் தலையும் கழுத்தும் மட்டும்தான் அகப்படும், 150-600ஐக் குறைத்து எடுத்தால் அதன் நீளம் வீண். விகாரமகாதேவி பூங்காவில் புலுனிக் கூட்டமும் குண்டுக்கரிச்சானும் சோற்றுப் பருக்கைக்காக வாங்குகளுக்குக் கீழே வருகின்றன. பறவை இப்படிப் படத்தை நிரப்பும் தூரத்துக்கு வந்துவிட்டால் மேலே சொன்ன வரிசை மாறிவிடும். அப்போது பெரிய சென்ஸர்தான் வெல்லும். சிறகின் மடிப்பு, பின்னணி கரைந்து நிற்பது, நிழலுக்குள் இருக்கும் நிறம் எல்லாமே ஸூம் கமராவை விட நன்றாக வரும். விகாரமகாதேவியில் பெரிய மரங்களின் நிழல் காலையிலேயே இருட்டு. அங்கே சின்ன சென்ஸர் திணறுவது படத்தைப் பார்த்தாலே தெரியும்.

பறக்கும் பறவைக்கும் டிஎஸ்எல்ஆர்தான். ஸூம் கமராவின் போகஸ் மெதுவானது. சில படங்களை வேகமாக எடுத்ததும் கொஞ்சம் மூச்சு வாங்கும், அதற்குள் செம்பருந்து போய்விடும். பி950இன் 357 மி.மீ., சென்ஸர் சின்னது என்பதால் பெரிய (ஃபுல் ஃபிரேம்) சென்ஸரில் 2000 மி.மீ. காட்டும் அளவுக்குச் சமம். அந்த ஸூமில் வானத்தில் பறவையைத் தேடிப் பிடிப்பது ஊசித் துவாரத்தால் ஊரைத் தேடுவது மாதிரி.

தலங்கம வாவிக்கு இந்தக் கிட்டப் போகிற கதை பொருந்தாது. நீளவால் இலைக்கோழியும் நீலத் தாழைக்கோழியும் தாமரை இலைகளுக்கு நடுவே, கரையிலிருந்து நன்றாகத் தள்ளி நிற்கும். நீரில் இறங்கவும் முடியாது. 55-250 வைத்திருப்பவர் அங்கே வெறுத்துப்போவார். 150-600க்கு உண்மையான வேலை இருக்கும் இடம் அதுதான். ஆனால் லென்ஸ் மட்டுமே இரண்டு கிலோ. பஸ்ஸில் கொண்டு போவதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். இன்னொன்று, பாராளுமன்றத்தைச் சுற்றிய தியவன்னா ஓயாக் கரையில் அந்தக் குழாயை நீட்டிக்கொண்டு நின்றால் காவலில் இருப்பவர்கள் வந்து விசாரிக்கக்கூடும். விசாரிப்பது அவர்கள் வேலை, அடையாள அட்டையைக் கொண்டுபோவது நம் வேலை. சின்ன லென்ஸுக்கு இந்தக் கரைச்சல் குறைவு.

நீள லென்ஸ்காரர்கள் இருவரையும் ஒரேயடியாகத் தோற்கடிப்பது காற்று. ஒன்பது மணி தாண்டினால் நீருக்கும் தாருக்கும் மேலே சூடேறிய காற்று நெளியத் தொடங்கும். 50 மீட்டர் தள்ளி நிற்கும் கொக்கின் விளிம்பு எந்த லென்ஸாலும் கூர்மையாகாது. லென்ஸ் பழுது என்று நினைத்துக் கடைக்குக் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள். இடையில் இருக்கும் காற்றைக் குறைக்க ஒரே வழி, தூரத்தைக் குறைப்பது. நாம் பூமத்திய ரேகைக்கு 7 பாகை வடக்கே இருப்பதால் சூரியன் நேராக மேலே ஏறிவிடும். ஆறு, ஆறரைக்கு உதித்து எட்டரைக்குள் நல்ல வெளிச்சம் முடிந்துவிடும். சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி உச்சந்தலைக்கு மேலேயே சூரியன். பறவையின் முதுகு வெளுத்து வயிறு கறுத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு பத்து மணிக்குப் போகிற ஆளுக்கு எந்தக் கமராவும் உதவாது.

கிட்டப் போவது என்றால் பறவையைத் துரத்துவது அல்ல. நேராக நடக்காமல் சாய்வாக நடந்து, இடையிடையே நின்று, கண்ணைப் பார்க்காமல் போனால் கானாங்கோழிகூடப் பொறுத்துக்கொள்ளும். நிலத்தில் குந்திக்கொண்டால் இன்னும் நல்லது: ஆள் சின்னதாகத் தெரிவார், படமும் பறவையின் கண் மட்டத்தில் அமையும். பெரும்பாலான பூங்காப் படங்கள் சோர்ந்து கிடப்பதற்குக் காரணம் நின்றபடி மேலிருந்து கீழே எடுப்பதுதான். தலங்கம கரை றோட்டில் ஓட்டோவை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, உள்ளேயே இருந்து எடுத்துப் பாருங்கள். ஆள் இறங்கினால் பறக்கிற கொக்கு வண்டிக்குப் பறப்பதில்லை. பெத்தகான ஈரநிலப் பூங்காவின் பலகைப் பாதையில் வேறு சிக்கல்: யாராவது நடந்தால் பலகை அதிரும், முக்காலியும் சேர்ந்து ஆடும். அங்கே முக்காலியை விட, ஆள் கடந்து போகும்வரை பொறுப்பது மலிவு. போனில் குரல் ஒலிக்கவிட்டுப் பறவையைக் கூப்பிடுகிற பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள், கூடு கட்டும் காலத்தில் அது பறவைக்குப் பெரிய தொல்லை.

மென்பொருள் கட்சிக்கு வருவோம். படம் திருத்தும் லைட்ரூம் மென்பொருளில் 2023இல் வந்த, புள்ளிகளை அகற்றும் டினோய்ஸ் வசதி நன்றாகவே வேலை செய்கிறது. ரோ கோப்பாக (கமரா திருத்தாமல் தரும் மூலக் கோப்பு) எடுத்தால் விகாரமகாதேவி நிழல் படங்களை மீட்டெடுக்கும். காசு கட்ட விருப்பமில்லாதவர்களுக்கு டார்க்டேபிள் என்ற மென்பொருள் இலவசம். புள்ளிகளை அகற்ற இவை போதும். மங்கலாக வந்ததைக் கூர்மையாக்கித் தருகிறேன் என்கிற செயற்கை நுண்ணறிவு மென்பொருட்களிடம்தான் எனக்கு நம்பிக்கை இல்லை. இல்லாத இறகுகளை அவை வரைந்துவிடுகின்றன. பார்க்க அழகு, ஆனால் அந்தப் பறவை அல்ல.

செட்டிங் பற்றி அதிகம் இல்லை. ஷட்டர் வேகம் அசையும் பறவைக்கு 1/1000 செக்கன், பறப்பதற்கு 1/2000, ஐஎஸ்ஓவை (ஒளிக்கு எவ்வளவு உணர்திறன் என்ற எண்) கமராவிடம் விட்டுவிடுங்கள். வெள்ளைக் கொக்கு நிழலான பின்னணியில் நின்றால் எக்ஸ்போஷரை முக்கால் முதல் ஒரு ஸ்டொப் வரை (ஒரு ஸ்டொப் என்றால் ஒளி பாதி) குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் இறகெல்லாம் ஒரே சுண்ணாம்பு.

என்னைக் கேட்டால், கொழும்புக்குள் படம் எடுக்கிறவர் டிஎஸ்எல்ஆர் வைத்திருந்தால் 55-250ஐ வாங்கி, பேர வாவியிலும் தியசருவிலும் ஆறரை மணிக்கு நிற்கலாம். அந்த லென்ஸ் 375 கிராம்தான், பையில் கிடப்பதே தெரியாது. கமராவே இல்லாதவர், தலங்கம போன்ற இடங்களை விரும்புகிறவர், பறக்கும் படங்களில் ஆசை இல்லாதவர் என்றால் ஸூம் கமரா. 150-600ஐ அதற்குப் பிறகு, தூரத்துப் பறவைகள்தான் தன் பறவைகள் என்று முடிவான பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

லென்ஸைப் பழையதாக வாங்குவதில் தவறில்லை. ஆனால் கொழும்பின் ஈரப்பதத்தில் கண்ணாடிக்குள் பூஞ்சை பிடிக்கும். வாங்கும்போது லென்ஸின் வாயை முழுதாகத் திறந்து, பின்பக்கத்திலிருந்து டோர்ச் அடித்து, முன்பக்கத்தால் சாய்வாகப் பாருங்கள். தூசி இரண்டு மூன்று இருந்தால் பரவாயில்லை. சிலந்தி நூல் போல் கிளைவிட்டு ஓடினால், விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.