வில் வேட்டைக்குக் கைடு வேண்டுமா, நாமே போகலாமா?

பயிற்சித் திடலில் 30 மீட்டரில் ஆறு அம்பும் ஒரு கை அகலத்துக்குள் விழ ஆரம்பித்துவிட்டால், கோலாலம்பூர் வில்லாளிகளின் பேச்சு மெல்ல வெளிநாட்டு வேட்டைப் பக்கம் திரும்பும். மாமாக் கடையில் தே தாரிக் ஆறும் வரை ஒரே விவாதம்தான்: காசு கொடுத்துக் கைடு வைத்துக்கொள்வதா, கூட்டாளிகளோடு நாமே கிளம்புவதா?

பல இடங்களில் நமக்கு முன்பே சட்டம் இதை முடிவு செய்துவிடுகிறது. தென்னாப்பிரிக்காவிலும் நமீபியாவிலும் வெளிநாட்டுக்காரர் பதிவுபெற்ற தொழில்முறை வேட்டைக்காரரோடுதான் காட்டுக்குள் போக வேண்டும். அலாஸ்காவில் அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர் எந்தப் பெரிய விலங்கைத் தேடிப் போனாலும் கைடு கட்டாயம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் கிட்டத்தட்ட இதே கதை. மலேசியப் பாஸ்போர்ட்டோடு நாமாகவே போக நினைத்தால் பெரும்பாலும் மிஞ்சுவது நியூசிலாந்து, ஆஸ்திரேலியாவின் சில மாநிலங்கள், அமெரிக்காவில் சில பகுதிகள்.

இதில் நியூசிலாந்து தனி ரகம். அங்குள்ள மான்கள் எல்லாமே வெளியிலிருந்து கொண்டுபோய் விட்டவை. சாம்பார் மான் 19ஆம் நூற்றாண்டில் இலங்கையிலிருந்து போனது. நம் நீலகிரி வரையாட்டுக்கு உறவான இமயமலைத் தார் என்ற காட்டு ஆட்டை 1904இல் குக் மலைப் பக்கம் அவிழ்த்துவிட்டார்கள். இவை காட்டை அழிக்கின்றன என்பதால் அரசு வேட்டையைத் தடுப்பதில்லை. வனப் பாதுகாப்புத் துறையின் திறந்த பகுதிகளுக்கு இணையத்தில் இலவசமாகவே அனுமதி கிடைக்கும். பாம்பு இல்லை, புலி இல்லை, கரடி இல்லை. இங்கிருந்து ஆக்லாந்துக்கு நேரடி விமானமும் இருக்கிறது. ஆசை வராமல் என்ன செய்யும்!

ஆனால் துப்பாக்கி வேட்டைக்கும் வில் வேட்டைக்கும் உள்ள வித்தியாசம் அம்பு விட்ட பிறகுதான் முழுசாகத் தெரியும். அம்பு பட்ட விலங்கு ரத்தம் போய்த்தான் சாகிறது. இரண்டு நுரையீரலிலும் பாய்ந்தால்கூட நூறு மீட்டர் ஓடிவிடலாம். குடலில் பட்டிருந்தால் பின்னாலேயே துரத்தக் கூடாது, பல மணி நேரம் காத்திருக்க வேண்டும்; துரத்தினால் அது எழுந்து ஓடிக்கொண்டே இருக்கும். அந்தி நேரம், மழைத் தூறல், முழங்கால் உயரப் புதர், ரத்தத் துளி கரைந்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கோலாலம்பூரில் வளர்ந்த இருவர் டார்ச் லைட்டோடு என்ன செய்வார்கள்? தென்னாப்பிரிக்கப் பண்ணைகளில் தடம் பார்க்கவே ஆள் இருப்பார், பெரும்பாலும் நாயும் இருக்கும். கைடுக்குக் கொடுக்கும் பணத்தில் பாதி இந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் என்பது என் கணக்கு. வல்வில் ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று வரிசையாகத் துளைத்தானாம். அவனுக்குக்கூட அடிபட்டு ஓடிய மானைத் தேடிய கதை யாரும் பாடவில்லை.

அதற்காகக் கைடு என்றாலே நிம்மதி என்று நினைக்க வேண்டாம். துப்பாக்கிக்காரர்களை மட்டுமே அழைத்துப் பழகிய கைடு 150 மீட்டரில் மானைக் காட்டிவிட்டு, தன் வேலை முடிந்தது என்று நிற்பார். நமக்கோ 30 மீட்டருக்குள் போயாக வேண்டும். நெருங்கும்போது இரண்டு பேர் என்றால் காலடிச் சத்தமும் வாடையும் இரட்டிப்பு. வில்லாளிகளை அழைத்துப்போன அனுபவம் உண்டா, ஒரு கைடுக்கு ஒரு ஆளா இரண்டு ஆளா, கடைசித் தூரத்தில் அவர் பின்தங்கி நிற்பாரா என்று பணம் கட்டும் முன் கேளுங்கள். ஆப்பிரிக்காவில் இந்தச் சிக்கல் குறைவு. அங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வறண்ட குளிர்காலம். தண்ணீர்க் குட்டைக்குப் பக்கத்தில் மறைவுக் குடிலில் உட்கார்ந்திருந்தால் விலங்கே தேடி வரும். வேலி போட்ட பண்ணையில் அடிப்பது வேட்டையா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் முதல் முறை போகிறவருக்கு அது நல்ல பள்ளிக்கூடம்.

விலையில் ஒரு பொறி உண்டு. ஆப்பிரிக்க விளம்பரங்களில் பளிச்சென்று தெரிவது நாள் கட்டணம். அடிக்கும் ஒவ்வொரு விலங்குக்கும் தனியாக ட்ராஃபி கட்டணம் வரும். ஒரு சொட்டு ரத்தம் சிந்தினாலே, விலங்கு கிடைக்காவிட்டாலும், முழுக் கட்டணம் என்பதுதான் அங்கே வழக்கம். டிப்ஸ், விமானம் எல்லாம் தனி.

நாமே போனால் செலவு பல மடங்கு குறையும், உடம்பு செலவாகும். செம்மானின் கிடா 100 கிலோவுக்கு மேல் இருக்கும். அதை வெட்டிப் பிரித்து முதுகில் சுமந்து மலை இறங்க வேண்டும். இறைச்சியை மலேசியாவுக்குக் கொண்டுவர இறக்குமதி அனுமதி வேண்டும். சூட்கேஸில் போட்டுக்கொண்டு வரும் சமாசாரமில்லை. சாப்பிட ஆளில்லாமல் காட்டிலேயே விட்டுவிட்டு வருவதாக இருந்தால், என்னைக் கேட்டால் அம்பையே எடுக்க வேண்டாம்.

இடையில் இன்னொரு வழியும் விற்கிறார்கள்: கூடாரத்தையும் சாப்பாட்டையும் காட்டுக்குள் இறக்கிவிட்டு, வேட்டையை உங்களிடமே விட்டுவிடுவார்கள். அனுபவசாலிக்குச் சரி. புதியவருக்கு அதில் கைடும் இல்லை, மிச்சமும் இல்லை.

ஆக, முதல் பயணம் என்றால் கைடோடு போங்கள். நமீபியாவோ தென்னாப்பிரிக்காவோ, தண்ணீர்க் குட்டை வேட்டை. இரண்டாவது பயணத்தை நியூசிலாந்துக்கு வையுங்கள். மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் கிடாக்கள் கத்தும் பருவம், இருக்கும் இடம் சுலபமாகத் தெரியும். அதே பருவத்தில் துப்பாக்கிக்காரர்களும் அதே காட்டில் இருப்பார்கள், பளிச்சென்ற ஆரஞ்சு உடுப்பு போட்டுக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாள் மட்டும் கைடு எடுத்து, மீதியை நீங்களே பாருங்கள். அவசர உதவிக்கான பீக்கன் கருவியை அங்கேயே வாடகைக்கு எடுக்கலாம். காப்புறுதியில் வேட்டை சேருமா என்று பாலிசியைப் படியுங்கள், பலவற்றில் சேராது. மலை ஏறிப் பழக பத்துமலையின் 272 படி இருக்கிறது. முதுகில் 20 கிலோ அரிசிப் பையோடு, கூட்டமில்லாத காலை நேரத்தில். அப்புறம், காலணியில் ஒட்டிய மண்ணைச் சுத்தமாகக் கழுவி, ஆக்லாந்துக்குள் நுழையும்போது காலணி, கூடாரம் இரண்டையும் பயணி அறிவிப்புப் படிவத்தில் சொல்லிவிடுங்கள். மறைத்தால் 400 நியூசிலாந்து டாலர் அபராதம் அங்கேயே கட்ட வேண்டியிருக்கும்.