ஞாயிறு காலையும் ஓர் எபோனைட் பேனாவும்: சில வருட அனுபவம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்குச் சில வருடங்களாக இருக்கிறது. அதற்கென்றே கையால் கடைந்த ஓர் எபோனைட் மைப்பேனாவும் கோடு போடாத தடித்த நோட்டும் வைத்திருக்கிறேன். புதிதாக வாங்கிய வாரத்தில் தெரியாத விஷயங்களை இப்போது சொல்லலாம்.

எபோனைட் என்பது கந்தகம் நிறையச் சேர்த்து இறுக்கிய ரப்பர். ஆரம்பத்தில் மூடியைத் திறந்தால் லேசாகக் கந்தக வாடை வரும், போகப்போகக் குறைந்துவிடும். பிளாஸ்டிக் மாதிரி வழுக்காது, உலோகம் மாதிரி சில்லிடாது. ரொம்ப நேரம் பிடித்து எழுத இதைவிடச் சுகமான பேனா எனக்குக் கிடைக்கவில்லை. ராஜமுந்திரியில் 1930களில் சுதேசிப் பேனாவாகப் பிறந்தது ரத்னம் பேனா. அந்த ஊரிலும் நம் திருவள்ளூரிலும் இன்னும் ஒவ்வொன்றாகக் கடைந்து செய்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

என்னுடையது ஃபில்லரால் மையை நேராக உடலுக்குள் விடுகிற வகை. ஒரு தடவை நிரப்பினால் வாரக்கணக்கில் வரும். ஆனால் மை பாதிக்குக் கீழே இறங்கியதும் கைச்சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து மையைத் தள்ளும். எழுதிக்கொண்டிருக்கும்போதே பொட்டென்று ஒரு சொட்டு விழும். காலியாகும்வரை காத்திருக்காமல் நிரப்பிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. கழுவுவதற்குப் பச்சைத் தண்ணீர்தான். வெந்நீர் பட்டால் எபோனைட் நிறம் மாறிவிடும். வெயிலும் அப்படித்தான், கருப்பு மெல்லப் பழுப்பாகிவிடும். நோட்டுத் தாள் 80 ஜிஎஸ்எம்முக்கு (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) குறையாமல் இருந்தால் பெரும்பாலும் மறுபக்கம் ஊறாது.

சரி, எழுதுவதற்கு வருவோம். தினமும் எழுதுவதைவிட வாரத்துக்கு ஒருமுறை எழுதுவது எனக்கு ஒத்துவருகிறது. அன்றன்றைக்கு எழுதினால் கோபம் சூடாகவே தாளில் இறங்குகிறது. ஞாயிறு வரை பொறுத்தால், எது நினைவில் தங்கியதோ அதுதான் எழுத்தாகிறது. மைப்பேனாவின் வேகமும் இதற்குத் துணை. செல்போனில் ஒரே மூச்சில் தட்டிவிடுகிற வாக்கியத்தை இதில் எழுதும்போது பாதி வழியிலேயே யோசிக்க நேரம் கிடைக்கிறது. "அவர் வேண்டுமென்றே செய்தார்" என்று தொடங்கியதை "அவர் செய்தது எனக்கு வலித்தது" என்று முடித்திருக்கிறேன். அந்த வித்தியாசம் திங்கட்கிழமை அலுவலகத்தில் அவரைப் பார்க்கும்போது உதவியது.

இந்த மாதிரி எழுதினால் உடனே மனம் லேசாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களைத் தினம் 15 நிமிடம் என நான்கு நாள், மனதை வருத்திய சம்பவங்களைப் பற்றி எழுதவைத்தார். எழுதி முடித்த கையோடு அவர்களுக்கு மனம் கனத்தது. ஆனால் பின்வந்த மாதங்களில், நிகழ்வையும் அது தந்த உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் உடம்புக்கு முடியவில்லை என்று மருத்துவரிடம் போனது மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. என் அனுபவமும் முதல் பாதிக்கு ஒத்துப்போகிறது. அப்பாவின் மறைவைப் பற்றி எழுதிய ஞாயிறுகளில் மதியம்வரை யாரிடமும் பேசத் தோன்றாது. வீட்டில் இருப்பவர்களிடம் முன்பே சொல்லிவைப்பது நல்லது.

இவ்வளவு நாள் எழுதியதில் எனக்குக் கிடைத்த பெரிய பலன் திரும்பப் படிப்பதில்தான். பக்கம் பக்கமாக நான் கவலைப்பட்ட விஷயங்களில் பல, அடுத்த சில மாதக் குறிப்புகளில் பெயருக்குக்கூட இல்லை. பையனின் கணக்கு மதிப்பெண், வண்டியின் கடன் தவணை, ஒரு உறவினர் கல்யாணத்தில் சொன்ன சொல், எல்லாம் வந்த வேகத்திலேயே போயிருக்கின்றன. அதற்கு மாறாக, அம்மாவின் முழங்கால் வலி ஒவ்வொரு குறிப்பிலும் ஒரு வரியாக, ஓரமாக வந்துகொண்டே இருந்தது. அதைச் சேர்த்துப் படித்த பிறகுதான் அவளை எலும்பு மருத்துவரிடம் அழைத்துப்போனேன், மாடியிலிருந்து கீழ்வீட்டுக்கு மாறினோம். தனித்தனியாகப் பார்த்திருந்தால் அந்த வரிகள் எதுவும் அவசரமாகத் தெரிந்திருக்காது.

ஆகவே, தொடங்க நினைப்பவர்கள் கையால் கடைந்த பேனாவுக்காகக் காத்திருக்க வேண்டாம். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் சாதாரண மைப்பேனாவே போதும். தாள் மட்டும் கொஞ்சம் தடிப்பாக இருக்கட்டும், தேதியை வருடத்தோடு எழுதுங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது முதல் பக்கத்திலிருந்து படியுங்கள்.