கிரிட், ஃப்ளெக்ஸ்பாக்ஸ், பூட்ஸ்ட்ராப்: பக்க அமைப்புக்கு எதை எங்கே எடுப்பது?

வலைப்பக்கத்தின் அமைப்பைக் கட்ட உட்காரும்போது மூன்று வழிகள் முன்னால் நிற்கின்றன: பூட்ஸ்ட்ராப் மாதிரியான, தயாராக எழுதி வைத்த 12 நெடுவரிசைக் கட்டமைப்பு, தோற்றத்தை எழுதும் மொழியான சிஎஸ்எஸ்ஸிலேயே உள்ள ஃப்ளெக்ஸ்பாக்ஸ், சிஎஸ்எஸ் கிரிட். மூன்றிலும் ஒரே மாதிரியான பக்கத்தைக் கொண்டுவந்துவிடலாம். அதனாலேயே பலர் பழகியதையே எல்லா இடத்திலும் போடுகிறார்கள். சிக்கல் பிறகு வருகிறது: தலைப்பு இரண்டு வரியாக நீளும்போது, ஒரு அட்டை (படமும் எழுத்தும் கொண்ட பெட்டி) குறையும்போது, திரை சுருங்கும்போது.

இவற்றைப் பிரித்துப் பார்க்க ஒரே கேள்வி போதும். பெட்டியின் அளவை யார் முடிவு செய்கிறார்கள்? ஃப்ளெக்ஸ்பாக்ஸில் உள்ளே இருக்கும் உள்ளடக்கத்துக்கே முதல் உரிமை. கிரிட்டில் வெளியே போட்ட சட்டகத்துக்கு. பூட்ஸ்ட்ராப்பில், பக்கத்தின் உள்ளடக்கத்தை எழுதும் எச்டிஎம்எல்லில் சேர்த்த கிளாஸுக்கு (தோற்ற விதிகளைக் குறிக்கும் பெயர்).

பூட்ஸ்ட்ராப்: 12இன் கணக்கு

960 பிக்சல் அகலத்தை 12 பங்காக்கி, 60 பிக்சல் நெடுவரிசைக்கு இருபுறமும் 10 பிக்சல் விட்ட 960 கிரிட் சிஸ்டத்தின் வழியில் வந்தது இது. 2011இல் வெளியான பூட்ஸ்ட்ராப் முதலில் ஃப்ளோட்டை (பெட்டியை ஒரு பக்கம் ஒதுக்கும் பழைய முறை) நம்பியிருந்தது. 2018இல் வந்த 4ஆம் பதிப்பிலிருந்து உள்ளே ஓடுவது ஃப்ளெக்ஸ்பாக்ஸ்தான். ஆகவே பூட்ஸ்ட்ராப்பா, ஃப்ளெக்ஸ்பாக்ஸா என்ற வாதம் பாதி பொருளற்றது.

12 என்ற எண் 2, 3, 4, 6 எல்லாவற்றாலும் மீதியின்றி வகுபடும். 5 அட்டைகள் வேண்டுமென்றால் மட்டும் ‘கால்-4’ மாதிரி பங்கு எண் போட்ட நெடுவரிசைக் கிளாஸ்கள் உதவாது. ‘ரோ-கால்ஸ்-5’ போட வேண்டும். 5ஆம் பதிப்பில் அமைப்பு மாறும் திரை அகலங்கள் 576, 768, 992, 1200, 1400 பிக்சல்.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது பக்கவாட்டு உருளலில். வரிசையை அமைக்கும் ‘ரோ’ கிளாஸுக்கு இருபுறமும் மைனஸ் 12 பிக்சல் மார்ஜின் (வெளி ஓரம்) உண்டு. அதைச் சுற்றி நிற்கும் ‘கன்டெய்னர்’ தரும் 12 பிக்சல் பேடிங் (உள் ஓரம்) அதைச் சமன் செய்கிறது. கன்டெய்னர் இல்லாமல் ரோவை மட்டும் போட்டால் பக்கம் திரையைத் தாண்டி வெளியே நீளும். கன்டெய்னர் இருந்தாலும் ‘ஜி-5’ போட்டு இடைவெளியை 48 பிக்சலாக்கினால் மைனஸ் மார்ஜின் 24 ஆகிவிடும். 12 பிக்சல் பேடிங் போதாது. கன்டெய்னரின் பேடிங்கையும் 24ஆக உயர்த்துங்கள். ‘ஓவர்ஃப்ளோ: ஹிடன்’ போட்டு மறைத்தாலும் உருளல் நிற்கும், ஆனால் நிழல்களும் கீழிறங்கும் மெனுக்களும் வெட்டுப்படும்.

நிர்வாகப் பலகை, உள் பயன்பாட்டுப் படிவங்கள், பலர் கைமாறிச் செய்யும் பழைய திட்டம்: இங்கெல்லாம் பூட்ஸ்ட்ராப் இன்றும் நல்ல தேர்வு. கிளாஸ் பெயரைப் படித்தாலே அமைப்பு புரியும். புதிதாகத் தொடங்கும், தனக்கென்று ஒரு தோற்றம் வேண்டிய தளத்துக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஃப்ளெக்ஸ்பாக்ஸ்: ஒற்றை வரிசையின் வல்லமை

மேல் மெனு, பொத்தான்களின் வரிசை, ஐகானும் எழுத்தும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இடம் ஆகியவற்றுக்கு இதை மிஞ்ச ஆளில்லை. லோகோ இடப்பக்கம், உள்நுழைவுப் பொத்தான் வலப்பக்கம் வேண்டுமா? பொத்தானுக்கு ‘மார்ஜின்-லெஃப்ட்: ஆட்டோ’ ஒன்று போதும். மிச்ச இடம் முழுவதையும் அது விழுங்கிவிடும்.

அட்டைப் பட்டியலுக்கு இதையே பயன்படுத்தும்போதுதான் தகராறு. 1000 பிக்சல் அகலம், 20 பிக்சல் இடைவெளி, ஒவ்வொரு அட்டைக்கும் ‘ஃப்ளெக்ஸ்: 1 1 300பிஎக்ஸ்’ (300 பிக்சலில் தொடங்கி வளரலாம், சுருங்கலாம்), கூடவே ‘ராப்’ (இடமில்லாவிட்டால் அடுத்த வரிசைக்கு இறங்கு) என்று வையுங்கள். வரிசைக்கு மூன்று அட்டைகள், தலா 320 பிக்சல், அழகாக நிற்கும். மொத்தம் 7 அட்டைகள் என்றால் ஏழாவது தனியாகக் கீழே இறங்கி 1000 பிக்சலுக்கும் விரிந்துவிடும். ஃப்ளெக்ஸ்பாக்ஸ் ஒவ்வொரு வரிசையையும் தனித்தனியாகக் கணக்கிடுகிறது. மேல் வரிசையின் அகலம் கீழ் வரிசைக்குத் தெரியாது. வளர்ச்சியை நிறுத்தி 33.33 சதவீதம் என்று எழுதினால் வேறு கோளாறு: மூன்று அட்டைகளும் இரண்டு இடைவெளிகளும் சேர்ந்து 100 சதவீதத்தைத் தாண்டும், மூன்றாவது அட்டை கீழே விழும். இடைவெளியைக் ‘கால்க்’ என்ற சிஎஸ்எஸ் கணக்கைப் போட்டுக் கழிக்க வேண்டிவரும். அந்த அளவுக்கு வந்துவிட்டால் கருவியை மாற்றுவதே நேர்மையான வழி.

இன்னொன்று: ஃப்ளெக்ஸ் உறுப்பு தன் உள்ளடக்கத்தின் குறைந்தபட்ச அகலத்துக்குக் கீழே சுருங்காது. ‘மின்-விட்த்’ (குறைந்தபட்ச அகலம்) இயல்பாகவே ‘ஆட்டோ’ என்பதால் இப்படி. நீண்ட கோப்புப் பெயரை மூன்று புள்ளியில் முடிக்க எல்லாம் எழுதியும் வேலை செய்யவில்லை என்றால், உள்ளே இருக்கும் உறுப்புக்கு ‘மின்-விட்த்: 0’ கொடுத்துப் பாருங்கள்.

கிரிட்: சட்டகம் முதலில்

2017 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸ் 52, குரோம் 57, சஃபாரி 10.1 ஆகியவற்றோடு இது பரவலானது. கிடைவரிசை, நெடுவரிசை இரண்டையும் ஒருசேர ஆள்வதும், இடைவெளியைக் கழித்த பிறகே மிச்சத்தை ‘எஃப்ஆர்’ பங்குகளாகப் பிரிப்பதும் இதன் பலம்.

மேலே சொன்ன அட்டைப் பட்டியல் இங்கே ஒரே வரி: ‘ரிபீட்(ஆட்டோ-ஃபிட், மின்மேக்ஸ்(280பிஎக்ஸ், 1எஃப்ஆர்))’. அதாவது ஒவ்வொரு நெடுவரிசையும் குறைந்தது 280 பிக்சல், மிஞ்சும் இடத்தில் ஒரு பங்கு. 1200 பிக்சலில் 24 பிக்சல் இடைவெளியோடு நான்கு நெடுவரிசைகள் கிடைக்கும், தலா 282 பிக்சல். மீடியா குவரி (திரை அகலத்துக்கேற்ற தனி விதி) ஒன்றுகூட வேண்டாம். கடைசி வரிசையில் ஒற்றை அட்டை மிஞ்சினாலும் அது தன் 282 பிக்சலிலேயே நிற்கும். தேடல் முடிவில் மொத்தமே இரண்டு அட்டைகள் வந்தால்தான் ‘ஆட்டோ-ஃபிட்’டுக்கும் ‘ஆட்டோ-ஃபில்’லுக்கும் வித்தியாசம் தெரியும். முதலாவது காலி நெடுவரிசைகளை மடக்கி ஒவ்வொரு அட்டையையும் 588 பிக்சலுக்கு விரிக்கும். இரண்டாவது காலி இடத்தை அப்படியே விட்டு 282இல் நிறுத்தும். எண்ணிக்கை மாறிக்கொண்டே இருக்கும் பட்டியல்களுக்கு ‘ஆட்டோ-ஃபில்’ பாதுகாப்பானது.

சிறிய திரையில் ஒரு பொறி இருக்கிறது. 320 பிக்சல் திரையில் இருபுறமும் 24 பிக்சல் பேடிங் போனால் மிஞ்சுவது 272. குறைந்தபட்சம் 280 என்று சொல்லிவிட்டதால் அட்டை வெளியே நீட்டும். 280ஐத் தனியாக எழுதாமல் ‘மின்(280பிஎக்ஸ், 100%)’ என்று எழுதினால் தீர்ந்தது.

‘1எஃப்ஆர்’ என்றால் சரிபங்கு என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் அதன் கீழெல்லை ‘ஆட்டோ’. அதாவது உள்ளே ஒரு அகலமான அட்டவணையோ உடையாத நிரல் வரியோ இருந்தால் அந்த நெடுவரிசை மற்றவற்றைத் தள்ளிக்கொண்டு பெருக்கும். ‘மின்மேக்ஸ்(0, 1எஃப்ஆர்)’ எழுதினால் பங்கு உறுதியாகும். டெயில்விண்ட் என்ற சிஎஸ்எஸ் கட்டமைப்பின் ‘கிரிட்-கால்ஸ்-3’ உருவாக்குவதும் இதைத்தான். தமிழ்ப் பக்கங்களில் இதற்குக் கூடுதல் கவனம் வேண்டும், ஏனென்றால் விகுதிகள் சேர்ந்து நீளும் நம் சொற்கள் குறுகிய நெடுவரிசையை எளிதில் உடைக்கும். ‘ஓவர்ஃப்ளோ-ராப்’ பண்புக்கு ‘எனிவேர்’ மதிப்பைக் கொடுங்கள். ‘பிரேக்-வேர்ட்’ சொல்லை உடைத்தாலும் குறைந்தபட்ச அகலக் கணக்கில் அந்த உடைப்பைச் சேர்ப்பதில்லை.

கிரிட்டில் எந்தப் பெட்டியையும் எங்கும் வைக்கலாம் என்ற சுதந்திரம் ஆபத்தானதும்கூட. கண்ணுக்குத் தெரியும் வரிசை மாறினாலும் டேப் விசையும் திரைவாசிப்பானும் எச்டிஎம்எல் வரிசையிலேயே போகும். முதலில் எச்டிஎம்எல்லைப் படிக்கும் வரிசையில் எழுதுங்கள், பிறகு இடம் ஒதுக்குங்கள். பின்னால் வரும் பெட்டிகளால் காலி இடங்களை நிரப்பும் ‘டென்ஸ்’ அடுக்கலைப் படத்தொகுப்புக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றையும் ஒரே அட்டையில் வைத்துப் பார்த்தால்

ஒரு படம், ஒரு தலைப்பு, சிறு விளக்கம், ஒரு பொத்தான். பக்கத்துப் பக்கத்து அட்டைகளில் பொத்தான்கள் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். ஒவ்வொரு அட்டையையும் செங்குத்து ஃப்ளெக்ஸாக்கிப் பொத்தானுக்கு ‘மார்ஜின்-டாப்: ஆட்டோ’ கொடுத்தால் பொத்தான்கள் சேரும். ஆனால் ஒரு தலைப்பு ஒரு வரி, இன்னொன்று மூன்று வரி என்றால் விளக்கங்கள் தொடங்கும் இடம் ஏறி இறங்கும். பூட்ஸ்ட்ராப்பிலும் இதே நிலைதான். ‘எச்-100’ அட்டையின் உயரத்தைச் சமமாக்கும், உள்ளே இருப்பதை அல்ல.

இதைத் தீர்ப்பது சப்கிரிட்: வெளி கிரிட்டின் வரிசைகளையே உள்ளேயும் பயன்படுத்தும் வசதி. அட்டையை நான்கு கிடைவரிசைகளுக்குப் பரவவிட்டு, அதன் ‘கிரிட்-டெம்ப்ளேட்-ரோஸ்’ மதிப்பாகச் ‘சப்கிரிட்’ எழுதினால், எல்லா அட்டைகளின் தலைப்புகளும் ஒரே வரிசை உயரத்தைப் பகிர்ந்துகொள்ளும். ஃபயர்ஃபாக்ஸ் 2019இலும் சஃபாரி 2022இலும் குரோம் 2023இலும் இதைக் கொண்டுவந்துவிட்டன. கவனிக்க வேண்டியவை உண்டு. வெளியே உள்ள இடைவெளி அட்டைக்குள்ளும் வந்துவிடும். ‘ரோ-கேப்’ மதிப்பை உள்ளே மாற்றி எழுதுங்கள். படம் இல்லாத அட்டையில் தலைப்பு படத்தின் இடத்துக்கு ஏறிவிடும் என்பதால் ஒவ்வொரு உறுப்புக்கும் வரிசை எண்ணை வெளிப்படையாகக் கொடுங்கள். ஐந்தாவது உறுப்பு ஒன்றைச் சேர்த்தால் சப்கிரிட் புதிய வரிசையை உருவாக்காது. அது கடைசி வரிசையில் பொத்தானோடு மோதும்.

வடிவமைப்புக் கோப்பிலிருந்து வரும் எண்களையும் தொடங்கும் முன்பே ஒப்பிட்டுவிட வேண்டும். வடிவமைப்புக் கருவியான ஃபிக்மாவில் 1440 அகலம், இருபுறமும் 120 ஓரம், 12 நெடுவரிசைகள், 24 இடைவெளி என்றால் ஒரு நெடுவரிசை 78 பிக்சல். பூட்ஸ்ட்ராப் 5இன் பெரிய கன்டெய்னர் 1320; அதில் ஒரு நெடுவரிசையின் உள்ளடக்க அகலம் 86. இந்த 8 பிக்சல் வேறுபாட்டால் தலைப்பு வரிகள் வேறு இடத்தில் உடையும், படங்களின் விகிதம் மாறும். கன்டெய்னரின் அகலத்தையோ ஃபிக்மாவின் ஓரத்தையோ மாற்றி முதல் நாளே ஒத்துப்போகச் செய்யுங்கள்.

என் தேர்வு இதுதான்: பக்கத்தின் எலும்புக்கூட்டுக்கும் அட்டைப் பட்டியலுக்கும் கிரிட், ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஃப்ளெக்ஸ்பாக்ஸ், படத்தைச் சுற்றி எழுத்து ஓட வேண்டிய இடத்தில் மட்டும் ஃப்ளோட்.

ஏற்கெனவே பூட்ஸ்ட்ராப்பில் ஓடும் தளத்தைப் பகுதி பகுதியாக மாற்றலாம், ஒரே நாளில் கலைக்க வேண்டியதில்லை. ஆனால் பழைய ‘ரோ’வின் மேலேயே ‘டிஸ்ப்ளே: கிரிட்’ எழுதாதீர்கள். உள்ளே இருக்கும் ‘கால்-4’ தன் 33.33 சதவீதத்தை இனி முழு வரிசையிலிருந்து அல்ல, தன் கிரிட் கட்டத்திலிருந்து கணக்கிடும். ஒவ்வொரு பெட்டியும் தன் இடத்தில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கி நிற்கும். ‘ரோ’, ‘கால்’ கிளாஸ்களை அந்தப் பகுதியிலிருந்து முழுவதும் நீக்கி, புதிய பெயரில் கிரிட்டை எழுதி, 320 பிக்சல் அகலத்தில் முதலில் சோதித்துவிட்டு அடுத்த பகுதிக்குப் போங்கள்.