பேரப்பிள்ளைக்கு வருடம் ஒரு முத்து சேர்ப்பவர்கள் கவனத்துக்கு

என் பேத்திக்காக எட்டு வருடத்துக்கு மேல் சேர்த்த பதினெட்டு முத்துகளில் பதினான்கு முத்தே இல்லை. பூச்சு பூசிய மணிகள். என்னைப் போல ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்க்கிற ஆச்சிகளும் தாத்தாக்களும் இருப்பீர்கள் என்பதால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மகள் நியூ ஜெர்சியில் இருக்கிறாள். அங்கே ஒரு வழக்கம் உண்டாம். பெண் குழந்தை பிறந்ததும் மெல்லிய தங்கச் சங்கிலியில் ஒன்றிரண்டு முத்து கோர்ப்பார்கள். பிறகு பிறந்தநாளுக்கு, பண்டிகைக்கு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, அவள் பெரியவளாகி நிற்கும்போது முழு மாலையாகக் கொடுப்பார்கள். போனில் கேட்டதுமே எனக்குப் பிடித்துப்போயிற்று. நான் தூத்துக்குடியில் பிறந்தவள், முத்து என்றால் எனக்கு ஒரு பாசம்.

2016 ஆகஸ்டில் பேத்தி பிறந்தாள். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் பல வருடமாகப் பழகிய நகைக்கடை ஒன்றில் முதல் முத்தை வாங்கினேன். "ஆச்சி, இது நம்ம மன்னார் கடல் முத்து. சீனாச் சரக்கை நான் கையாலயும் தொடுறதில்ல" என்றார் கடைக்காரர். பிறந்தநாளுக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று என்று 2024 தீபாவளி வரை அவரிடமே வாங்கினேன். 900 ரூபாயில் தொடங்கியது கடைசியில் 2,400 வரை போயிற்று. சங்கிலியை வாங்கி உள்ளே எடுத்துப்போய், கோர்த்துக் கொண்டுவந்து கொடுப்பார். நான் அதை லாக்கரில் வைத்துவிடுவேன்.

அந்த 'மன்னார் கடல் முத்து' என்ற வார்த்தையிலேயே நான் விழித்திருக்க வேண்டும். தூத்துக்குடியில் கடைசியாக முத்துச் சலாபம், அதாவது கடலில் மூழ்கிச் சிப்பி எடுக்கிற முத்துக்குளிப்பு, நடந்தது 1961-இல். கரையில் போட்ட கொட்டகைகளையும் சிப்பி ஏலத்தையும் அழுகிய சிப்பியின் நாற்றத்தையும் அப்பா சொல்லிக் கேட்டு வளர்ந்தவள் நான். 1973-இல் அதே தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் சிப்பிக்குள் கரு வைத்து முத்து விளைவித்துக் காட்டினார்கள். ஆனால் அது ஊர்க் கடைகளுக்குச் சரக்கு வரும் அளவுக்குத் தொழிலாக வளரவில்லை. இன்று வருடா வருடம் ஒருவர் புது மன்னார் முத்து எடுத்து நீட்டினால், எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் வாங்காதீர்கள். மனிதர் கரு வைக்காமல் தானாக விளைந்த இயற்கை முத்து என்று நிரூபிக்க எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் ரத்தினப் பரிசோதனைக் கூடத்தின் சான்று வேண்டும். கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

2025 ஜூலையில் பேத்தி வந்தாள். ஆசையாக அந்தச் சங்கிலியை மூன்று வாரம் கழற்றாமல் போட்டிருந்தாள். வெயிலும் வியர்வையும்தான். ஒருநாள் தலை பின்னும்போது பார்க்கிறேன், துளையைச் சுற்றி நகப்பூச்சு உரிகிற மாதிரி ஒரு தோல் நிமிர்ந்து நிற்கிறது. நகத்தால் லேசாக நிமிண்டினேன். ஒரு செதில் என் விரலோடு வந்துவிட்டது. உள்ளே சுண்ணாம்பு போல வெளுப்பாக ஒரு மணி.

மதுரை தெற்காவணி மூல வீதியில் முத்தும் பவளமும் கோர்த்துக் கொடுக்கிற பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். வெள்ளைத் துணியை விரித்து, சங்கிலியிலிருந்து எல்லாவற்றையும் கழற்றி வைத்தார். லென்ஸைக் கண்ணில் வைத்துத் துளைகளை மட்டும் பார்த்தார். வேறு எதையும் பார்க்கவில்லை. நான்கைத் தனியாக நகர்த்தினார். "இது நாலும் சீனா நன்னீர் முத்தும்மா, நெசமான முத்துதான். மத்ததெல்லாம் ஷெல் மணி." நன்னீர் முத்து என்றால் ஆறு, குளத்துச் சிப்பியில் வளர்ப்பது. ஷெல் மணி என்றால் சிப்பி ஓட்டை மணியாக உருட்டி மேலே முத்துப் பளபளப்பைப் பூசுவதாம். நிஜ முத்தின் துளை ஓரம் கூர்மையாக, சுத்தமாக இருக்கும். பூசிய மணியில் ஓரம் பிசிறடித்திருக்கும், பூச்சு மடிந்தோ உரிந்தோ நிற்கும். பிறகு நன்னீர் முத்து இரண்டை எடுத்து ஒன்றோடொன்று லேசாக உரசினார். நறநறவென்றது, மாவு மாதிரி துளி தூள் வந்தது. துடைத்ததும் பழைய பளபளப்பு அப்படியே இருந்தது. பூசிய மணிகள் வழுக்கிக்கொண்டு போயின.

எனக்கு இன்னும் ஆறாதது ஒன்று இருக்கிறது. பதினெட்டும் அச்சில் வார்த்ததுபோல் ஒரே உருண்டை, ஒரே நிறம் என்று சொந்தக்காரர்களிடம் காட்டிப் பெருமைப்பட்டேன். வெவ்வேறு வருடம் வாங்கிய நிஜ முத்துகள் அப்படிப் பொருந்துவது அரிது. ஒன்றில் ரோஸ் சாயல், ஒன்றில் மஞ்சள் சாயல், ஒன்று சற்று நீளம் என்று இருக்கும். சிரமமில்லாமல் பொருந்துகிறதே என்று அன்றே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். முதலில் வாங்கியவை நிஜமாக இருந்து, உள்ளே கோர்க்கக் கொண்டுபோனபோது மாற்றப்பட்டனவா என்பது இனி தெரியப்போவதில்லை. சங்கிலியைக் கண்ணை விட்டு அகலவிடாதீர்கள்.

கடைக்குப் போனேன். கொக்கியில் இருந்த ஹால்மார்க்கைக் காட்டி, "அரசாங்க முத்திரையே இருக்கு, பாருங்க" என்றார். ஹால்மார்க் தங்கத்தின் தரத்துக்கு மட்டும்தான். அதில் கோர்த்திருக்கும் முத்துக்கோ கல்லுக்கோ அது எந்த உத்தரவாதமும் இல்லை. என்னிடம் இருந்த பில்களில் 'முத்து – 1' என்று மட்டும் இருந்தது. எந்த வகை, எத்தனை மில்லிமீட்டர், கடலா நன்னீரா, எதுவும் இல்லை. "முத்துன்னுதானே போட்டிருக்கேன், மன்னார்னு போட்டேனா?" என்று கேட்டார். இத்தனை வருடம் ஆச்சி ஆச்சி என்று கூப்பிட்ட மனிதர்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்தேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு போட்டிருக்கிறேன். ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் பொதுவாக இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். அதனால் பழைய பில்களைத் தேடி எடுத்து இந்த வாரமே துளைகளைப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

மதுரைப் பெரியவர் சொன்ன யோசனை எனக்குச் சரியாகப் பட்டது. முத்தை ஒவ்வொன்றாக வாங்காதே, ஒவ்வொன்றாகக் கொடு என்றார். ஒரே சரமாக, தரம் பார்த்துச் சேர்த்த முத்தை இப்போதே வாங்கி வைத்துக்கொண்டால் சாயலும் அளவும் பொருந்தும், ஏமாற்ற ஒரே ஒரு சந்தர்ப்பம்தான். ஏழு மில்லிமீட்டரில் பதினாறு அங்குலச் சரம் என்றால் ஏறக்குறைய ஐம்பத்தேழு முத்து வரும். ஜப்பானில் கடலில் வளர்க்கிற அகோயா முத்து விலையில் என் கைக்கு எட்டாது. நல்ல நன்னீர் முத்தே போதும், அது ஏறக்குறைய முழுவதும் சிப்பி சுரக்கிற முத்துப்பொருள்தான், சீனாவில் விளைந்தது என்பதால் மட்டமாகிவிடாது. ஹைதராபாத் முத்து என்று விற்பதிலும் பெரும்பாலானவை அங்கே துளையிட்டுத் தரம் பிரித்த சீன நன்னீர் முத்துகள்தான்.

அப்படி ஒரு சரம் வாங்கிவிட்டேன். பில்லில் வகை, அளவு, எண்ணிக்கை, 'வளர்ப்பு நன்னீர் முத்து' என்று எழுதச் சொல்லி, எழுதும்வரை கடையில் உட்கார்ந்திருந்தேன். மீந்த அந்த நான்கு முத்தும் புதுச் சரத்தோடு சேரவில்லை, கொஞ்சம் மஞ்சள். அவற்றைப் பேத்தி கம்மலாகக் கேட்டிருக்கிறாள். இரண்டு அவளுக்கு, இரண்டு எனக்காம்.