"குளத்தைச் சுத்தம் செய்யும் மீன்" என்று ஸ்டர்ஜனை விற்கிறார்கள், ஏமாறாதீர்கள்

பிரிட்டனில் வீட்டுத் தோட்டத்தில் சின்னதாகக் குளம் வைத்திருக்கும் நம்ம ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். கார்டன் சென்டரில் மீன் பகுதிக்குப் போனால், கோய் (வண்ணக் கெண்டை மீன்) தொட்டிக்குப் பக்கத்தில் சுறாக்குட்டி மாதிரி ஒன்று நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். முதுகில் வரிசையாக எலும்புத் தகடுகள், மூக்குக்கு அடியில் நாலு மீசை. அதுதான் ஸ்டர்ஜன். பிள்ளைகள் பார்த்தால் அந்த இடத்தை விட்டு நகரமாட்டார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். வாங்கியே தீருவேன் என்றால், கடைக்காரர் சொல்வதை நம்பி மட்டும் வாங்காதீர்கள்.

2021 ஏப்ரலில் நான் இரண்டு வாங்கினேன். கடையின் பெயரைப் போடவில்லை, ஏனென்றால் இதே பேச்சை வேறு வேறு ஊர்க் கடைகளில் கேட்டவர்களை அப்புறம் நிறையப் பார்த்துவிட்டேன். எங்கள் குளம் மூன்று மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், ஆழம் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே. இந்த அளவைச் சொல்லிவிட்டுத்தான் கேட்டேன்: இதில் இந்த மீன் வாழுமா, எவ்வளவு பெரிதாகும், என்ன போட வேண்டும்? கடைக்காரர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "ரெண்டுமே ஸ்டெர்லெட், சின்ன ஜாதி, குளத்தின் அளவுக்குத்தான் வளரும். கோய்க்குப் போடுவதில் மிஞ்சுவதைத் தின்னும். பாசியை எடுக்காதீர்கள், அதையும் இது தின்று சுத்தமாக வைக்கும்." ஒன்று 25 பவுண்டு. அன்று அவர் சொன்னதில் உண்மை என்று ஒன்று கூட இல்லை.

முதலில் தீனி. ஸ்டர்ஜனுக்குப் பல் கிடையாது. வாய் தலைக்கு அடியில் இருக்கிறது, அதைக் குழாயாக நீட்டித் தரையில் கிடப்பதை உறிஞ்சும். ஆற்றில் அது தின்பது பூச்சிகளின் புழு, மண்புழு, சிறு நத்தை மாதிரியானவை. பாசியெல்லாம் அதற்கு உணவே இல்லை. மேலே மிதக்கும் கோய் தீனியைக் கோய்கள் ஒரு நிமிடத்தில் காலி செய்துவிடும், மிஞ்சி ஒன்றிரண்டு கிடைத்தாலும் அதில் பெரும்பாலும் கோதுமையும் சோயாவும்தான். ஸ்டர்ஜனுக்கு வேண்டியது புரதமும் மீன் எண்ணெயும் நிறைந்த, அடியில் மூழ்கும் குருணை. இதை அந்தக் கடையே தனி அலமாரியில் விற்கிறது என்பதுதான் கொடுமை.

ஒரு நாள் சாயங்காலம் பெரியது மல்லாக்கப் புரண்டு, வெள்ளை வயிறு மேலே தெரிய, நீர்மட்டத்தில் வாயை நீட்டி நீட்டி ஒரு மிதக்கும் உருண்டையைப் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. உருண்டை ஒவ்வொரு தடவையும் விலகிப் போகிறது, அது மறுபடி புரள்கிறது. வீடியோ எடுத்துக் கடைக்கு அனுப்பினேன். "விளையாடுகிறது, சந்தோஷமாக இருக்கிறது" என்று பதில் வந்தது. அது பசியில் அப்படிச் செய்கிறது என்று எனக்குச் சொன்னது எங்கள் தெருவில் வெகுகாலமாகக் கோய் வளர்க்கும் ஒரு போலந்துக்காரர். அன்றைக்கே மூழ்கும் குருணை வாங்கி, இருட்டிய பிறகு ஒரே இடத்தில் போட ஆரம்பித்தேன்.

அடுத்த வசந்தத்தில் வெயில் வந்ததும் நூல் பாசி கொழுத்தது. தின்றுவிடும் என்றாரே, அந்தப் பாசிதான். ஒரு காலையில் சின்னது அல்லிச் செடித் தொட்டிக்குப் பின்னால் பாசிக்குள் தலையை நுழைத்தபடி செத்துக் கிடந்தது. வெளியே எடுத்தபோது பக்கத் தகடு ஒவ்வொன்றிலும் பச்சை நூல் சுற்றியிருந்தது, செவுளுக்குள்ளும் போயிருந்தது. ஸ்டர்ஜனுக்குப் பின்பக்கமாக நீந்தி வெளியே வருவது ஏறக்குறைய முடியாத காரியம். முன்னால் தள்ளத் தள்ள இன்னும் சிக்கிக்கொள்ளும். பாசியை எடுக்காதே என்று சொல்லி இந்த மீனை விற்பது அதைக் கொல்வதற்குச் சமம், இதை நான் கோபத்தில் சொல்லவில்லை.

அதே வருடம் ஜூலை 19, இங்கிலாந்தில் 40.3 டிகிரி போன நாள். எங்கள் ஆழமில்லாத குளத்துத் தண்ணீர் 27ஐத் தொட்டது. ஸ்டர்ஜன் குளிர்ந்த ஆற்று மீன், ஆக்ஸிஜன் நிறைய வேண்டும். 10 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 11 மில்லிகிராம் அளவுக்கு ஆக்ஸிஜன் கரையும், 25 டிகிரியில் 8 சொச்சம்தான். ஓடிக்கொண்டே இருக்கும் மீன் அன்று ஏர் பம்ப்பின் குமிழிக்கு மேலேயே அசையாமல் நின்றது. இன்னொரு பம்ப் இரவல் வாங்கி, குளத்துக்கு மேலே பெட்ஷீட் கட்டித்தான் காப்பாற்றினோம். இப்படிப்பட்ட மீனைத்தான் என் நண்பர் ஒருவருக்கு வீட்டுக்குள் வைக்கும் நாலடிக் கண்ணாடித் தொட்டிக்கு விற்றிருக்கிறார்கள், ஹீட்டர் போட்ட தொட்டிக்கு! அது மூக்கைக் கண்ணாடியில் முட்டி முட்டிப் புண்ணாக்கிக்கொண்டு ஒரு மாதம் கூடத் தாங்கவில்லை.

அந்த வெயிலுக்குப் பிறகு தங்கமீன்களுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தது. ஸ்டர்ஜனும் இருக்கிறது என்று தெளிவாகச் சொல்லித்தான் அதே கடையில் மருந்து கேட்டேன். கொடுத்த பாட்டிலை வீட்டில் திருப்பிப் பார்த்தால், பின்பக்கம் பொடி எழுத்தில் "ஸ்டர்ஜன் உள்ள குளத்தில் பயன்படுத்த வேண்டாம்" என்று இருக்கிறது. கோய்க்கும் தங்கமீனுக்கும் சாதாரணமாக ஊற்றும் பல மருந்துகள் இந்த மீனுக்கு ஆகாது. அதைக் குளத்தில் ஊற்றாமல், தங்கமீன்களைப் பிடித்துத் தனித் தொட்டியில் விட்டு மருந்து போட்டேன்.

இதற்கிடையில் உயிரோடிருந்த மீன் வளர்ந்துகொண்டே போனது. போலந்துக்காரர் வந்து பார்த்து, இது ஸ்டெர்லெட்டே இல்லை என்றார். ஸ்டெர்லெட்டுக்கு மூக்கு நீளமாகக் கூராக இருக்கும், மீசையில் குஞ்சம் இருக்கும், பக்கவாட்டுத் தகடுகள் ஐம்பதுக்கு மேல் நெருக்கமாக இருக்கும். இதற்கு மூக்கு மொட்டை, மீசை வழவழ, தகடுகள் பெரிதாகத் தள்ளித் தள்ளி இருந்தன. ரஷ்ய ஸ்டர்ஜன். இரண்டு மீட்டரைத் தாண்டி வளரக்கூடிய ஜாதி. ஸ்டெர்லெட்டே ஒரு மீட்டர் வரை வரும், அதற்கே எங்கள் குளம் போதாது.

படங்களோடு கடைக்குப் போனேன். திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்களாம், இடமில்லையாம். அப்போது அந்த ஆள் குரலைத் தணித்துச் சொன்னது: "பக்கத்துப் பார்க்கில் ஏரி இருக்கிறதே, நிறையப் பேர் அங்கேதான் விடுகிறார்கள்." இதை மட்டும் யாரும் செய்யாதீர்கள். வெளிநாட்டு மீனைப் பொது நீரில் விடுவது இங்கே குற்றம். குற்றம் என்பதை விடுங்கள், அதனால் வரும் கேடு எப்படிப்பட்டது என்று ஐரோப்பாவின் டான்யூப் ஆற்றில் பார்த்தாயிற்று. ஜெர்மனி, ஆஸ்திரியா எல்லையில் யோகென்ஸ்டைன் அருகே மேல் டான்யூபில் சொந்தமாக இனப்பெருக்கம் செய்யும் ஸ்டெர்லெட் கூட்டம் ஒன்று மிஞ்சியிருக்கிறது. அங்கே மனிதர் கைவழியாக வந்து சேர்ந்த சைபீரிய ஸ்டர்ஜன்களோடு கலந்து கலப்பினம் பிறந்திருக்கிறது. 1998 முதல் ஸ்டர்ஜன் இனங்கள் எல்லாமே சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளன. 2022 கணக்கெடுப்பில் உலகில் மிச்சமிருக்கும் எல்லா ஸ்டர்ஜன் இனங்களும் அழிவு அபாயத்தில் இருப்பதாக அறிவித்தார்கள். இதைத்தான் 25 பவுண்டுக்குத் துப்புரவு வேலைக்கு விற்கிறார்கள்.

பொருள் சொன்ன விவரத்தோடு ஒத்திருக்க வேண்டும் என்று 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம் சொல்கிறது. அதைக் காட்டி எழுதியதும் ஒரு மீனின் விலையை, அதுவும் அதே கடையின் வவுச்சராக, அனுப்பினார்கள். ரசீதில் ஜாதிப் பெயர் "ஸ்டெர்லெட்" என்று அச்சாகியிருந்ததால்தான் அதாவது கிடைத்தது. வெறும் "குளத்து மீன்" என்று போட்டிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. அதனால் ரசீதில் ஜாதிப் பெயரை எழுதச் சொல்லுங்கள், மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள்.

மீன் இப்போது வேறொருவரின் பெரிய குளத்தில் இருக்கிறது. செடியில்லாத, வட்டமான, தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும் குளம். இடம் கிடைக்கக் குளிர்காலம் முழுக்கத் தேட வேண்டியிருந்தது, இரண்டு பேர் சேர்ந்து தூக்கும்போது தகடு என் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. இங்கே யாரிடமாவது ஸ்டெர்லெட் என்று சொல்லி விற்ற மீன் இருந்தால், தலையின் அடிப்பக்கத்தை மீசை தெரிய ஒரு படமும் பக்கவாட்டில் ஒரு படமும் எடுத்து எனக்கு அனுப்புங்கள். போலந்துக்காரரிடம் காட்டிச் சொல்கிறேன், பெரிய ஜாதியாக இருந்தால் சின்னதாக இருக்கும்போதே இடம் தேடுவது சுலபம்.