கேஸ்கேடியாவா, ஆக்ட்ரோஸா: ஓட்டுகிறவருக்கு எது நல்லது?

அமெரிக்க லாரி பிரம்மாண்டம், ஐரோப்பிய லாரி நவீனம் என்று இரண்டு வரியில் இந்தப் பேச்சை முடித்துவிடுகிறார்கள். வாரக்கணக்கில் அதையே ஓட்டி, அதிலேயே தூங்கி எழுகிறவருக்கு எது நல்லது என்று கேட்பவர்கள் குறைவு. அதை மட்டும் பார்ப்போம். ஒப்பிட நான் எடுத்துக்கொள்வது அமெரிக்காவின் ஃபிரெய்ட்லைனர் கேஸ்கேடியாவும் ஐரோப்பாவின் மெர்சிடிஸ் பென்ஸ் ஆக்ட்ரோஸும். இரண்டுமே டைம்லர் டிரக் குழுமத்தின் வண்டிகள். நம் ஒரகடத்தில் பாரத்பென்ஸ் தயாரிப்பதும் இவர்கள்தான். பெரிய இன்ஜின்கள்கூட ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அப்படியிருந்தும் கேஸ்கேடியாவுக்கு நீண்ட மூக்கு (பானட்), ஆக்ட்ரோஸுக்குத் தட்டை முகம். காரணம் ரசனை இல்லை, சட்டம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் டிராக்டர் (இழுக்கும் முன்வண்டி), டிரெய்லர் இரண்டும் சேர்ந்து 16.5 மீட்டரைத் தாண்டக் கூடாது. 33 பேலட் (சரக்கு அடுக்கும் பலகை) ஏற்றும் வழக்கமான டிரெய்லரே 13.6 மீட்டர். மிச்சம் 2.9 மீட்டர். கேபினும் இடைவெளியும் அதற்குள் அடங்க வேண்டும். மூக்குக்கு இடம் ஏது? இன்ஜினைக் கேபினுக்கு அடியில் தள்ளி, டிரைவரை அதன் மேல் உட்கார வைத்துவிட்டார்கள். அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் மாநிலங்கள் மொத்த நீளத்தைத்தான் அளந்தன; அதனால் கென்வொர்த் கே100 போன்ற தட்டை முக வண்டிகள் அங்கேயும் நிறைய ஓடின. 1982ல் வந்த மத்திய சட்டம், முக்கிய நெடுஞ்சாலைகளில் டிரெய்லரின் நீளத்தை மட்டும் பார்த்தால் போதும் என்று மாற்றியது. டிராக்டரை எவ்வளவு நீட்டினாலும் லோடு குறையாது என்றானதும் தட்டை முகம் மெல்ல மறைந்துபோனது.

இதன் பலன் ராத்திரியில்தான் தெரியும். கேஸ்கேடியாவின் பெரிய ஸ்லீப்பர் 72 அங்குலம், அதாவது சுமார் 183 சென்டிமீட்டர். இது சீட்டுக்குப் பின்னால் இருக்கும் அறையின் நீளம் மட்டும். ஆக்ட்ரோஸின் நீளமான கேபினில் ஸ்டியரிங், சீட், படுக்கை எல்லாம் சேர்த்தே 2.3 மீட்டர்தான். உயரத்தில் ஆக்ட்ரோஸை யாரும் குறை சொல்ல முடியாது. கிகாஸ்பேஸ் என்ற அதன் உயரமான கேபினில் தரை சமதளம், நிற்கும் உயரம் 2.13 மீட்டர். ஆனால் நிமிர்ந்து நிற்கலாமே தவிர நாலு எட்டு நடக்க முடியாது. கேஸ்கேடியாவில் ஃபிரிட்ஜ், மைக்ரோவேவ், துணி அலமாரி வைத்து இரண்டு பேர் குடித்தனமே நடத்தலாம். கணவன், மனைவி மாறி மாறி ஓட்டும் வழக்கம் அங்கே உண்டு. ஒருவர் ஓட்ட, மற்றவர் தூங்குகிறார். தூக்கத்துக்கு அமெரிக்க வண்டிதான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சாவியைத் திருப்பியதும் கதை மாறுகிறது. கேஸ்கேடியா ஸ்லீப்பரில் முன் அச்சுக்கும் பின் அச்சுகளுக்கும் இடையே ஆறு மீட்டரை ஒட்டி வரும். நேரான நெடுஞ்சாலையில் அந்த நீளம் வரம்தான். குலுக்கல் குறைவு, டிரைவரும் முன் சக்கரத்துக்குப் பின்னால் தள்ளி உட்கார்ந்திருக்கிறார். பழைய ஊர்களின் சந்துகளிலும் குறுகலான லோடிங் முற்றங்களிலும் அதே நீளம் தலைவலி. ஆக்ட்ரோஸில் அந்த அச்சு இடைவெளி நான்கு மீட்டருக்கும் குறைவு. ஐரோப்பாவில் வெளி ஆரம் 12.5 மீட்டர், உள் ஆரம் 5.3 மீட்டர் கொண்ட வட்டத்துக்குள் முழு வண்டியும் திரும்பியாக வேண்டும் என்பதே சட்டம். கண்ணாடிக்கு முன்னால் மூக்கு இல்லாததால், சிக்னலில் குறுக்கே வரும் குழந்தையும் சைக்கிள்காரரும் சீக்கிரம் கண்ணில் படுவார்கள். அதற்கும் கீழே மறையும் இடத்தைக் காட்ட முன்பக்கம் தனி மிரர் கட்டாயம்.

கியர் விஷயத்தில் அமெரிக்க டிரைவர்களின் திறமையை மதிக்காமல் இருக்க முடியாது. ஈட்டன் ஃபுல்லர் 18 கியர் பெட்டியில் சிங்க்ரோ, அதாவது கியர்களின் வேகத்தைத் தானே சமப்படுத்தும் அமைப்பு, கிடையாது. கிளட்சை பாதி மிதித்து நியூட்ரலுக்கு எடுத்து, விட்டு, ஆக்சிலரேட்டரால் இன்ஜின் சுற்றைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்து, மறுபடி மிதித்து அடுத்த கியரைப் போட வேண்டும். ஓடும்போது பெடலைத் தரைவரை மிதித்தால் கிளட்ச் பிரேக் தேய்ந்து போகும். அது கியர் பெட்டியின் சுழற்சியை நிறுத்தும் சிறு பிரேக், வண்டி நிற்கும்போது மட்டும் பயன்படுத்த வேண்டியது. பழகிய கை கிளட்சையே தொடாமல் சுற்றைக் காதால் கேட்டுக் கியரைச் சொருகும். அழகான வித்தைதான். ஆனால் ஊர் நெரிசலில் மூன்று மணி நேரம் இதைச் செய்கிற இடது காலும் வலது தோளும் வேறு சொல்லும். ஐரோப்பாவில் தானியங்கிக் கியர் பெட்டி எப்போதோ வழக்கமாகிவிட்டது. இப்போது கேஸ்கேடியாவிலும் அதே குழுமத்தின் டிடி12 பெட்டி பரவலாக வருகிறது.

இறக்கத்தில்தான் எனக்கு ஐரோப்பிய வண்டி மேல் நம்பிக்கை அதிகம். அமெரிக்காவில் இன்னும் பல வண்டிகளில், குறிப்பாக டிரெய்லர்களில், டிரம் பிரேக். நீண்ட இறக்கத்தில் தொடர்ந்து மிதித்தால் டிரம் சூடாகி விரிந்து லைனிங்கிலிருந்து விலகுகிறது. பெடல் இருக்கும், பிடி இருக்காது. ஓரிகனின் கேபேஜ் ஹில் போன்ற 6 சதவீத இறக்கங்களில் பிரேக் போன வண்டிகளுக்கென்று சரளை நிரப்பிய தப்பிக்கும் பாதை போட்டிருப்பது சும்மா இல்லை. இன்ஜினையே வைத்து வண்டியை மெதுவாக்கும் இன்ஜின் பிரேக் நன்றாகவே இழுக்கும், ஆனால் சத்தம் அதிகம் என்று பல ஊர்களில் அதற்குத் தடைப் பலகை வைத்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் எல்லாச் சக்கரத்துக்கும் டிஸ்க் என்பது சாதாரணம். மலைப்பாதையில் ஓடும் வண்டிகள் ரிடார்டரும் கேட்டு வாங்குகின்றன. எண்ணெயின் எதிர்ப்பால் சத்தமில்லாமல் 40 டன்னின் வேகத்தை இழுத்துப் பிடிக்கும் பொருள் அது. தானாகப் பிரேக் போடும் கருவியும் 2015 நவம்பர் முதல் அங்கே புதிய கனரக வண்டிகளுக்குக் கட்டாயம். அமெரிக்கா 2023ல்தான் அப்படி ஒரு விதியை முன்மொழிந்தது.

பராமரிப்பில் மூக்கு வண்டி லேசாக ஜெயிக்கிறது. பானட்டை முன்னால் சாய்த்தால் பெல்ட், குழாய், ஸ்டியரிங் பெட்டி எல்லாம் கைக்கெட்டும். ஆக்ட்ரோஸில் கேபினையே கவிழ்க்க வேண்டும். அதற்கு முன் உள்ளே இருக்கும் டம்ளர், செருப்பு, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் ஒதுக்கிக் கட்டாவிட்டால் மொத்தமும் கண்ணாடியில் வந்து விழும்.

இனி நேரமும் கூலியும். அமெரிக்காவில் 14 மணி நேர வேலைக்குள் 11 மணி நேரம் ஓட்டலாம். ஐரோப்பாவில் நாளுக்கு 9, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வு. வேகமும் 90 கிலோமீட்டரில் பூட்டப்பட்டிருக்கும். அமெரிக்காவில் மத்திய அளவில் அப்படிப் பூட்டு இல்லை, டெக்சாஸில் ஒரு சாலையில் 85 மைல் வரை அனுமதி. அங்கே நெடுந்தூர டிரைவர்களில் பெரும்பாலோருக்கு மைல் கணக்கில் கூலி. குடோன் வாசலில் காத்திருக்கும் நேரம் பெரும்பாலும் அவர் தலையில் விழுகிறது. ஐரோப்பியச் சட்டமோ, அவசர ஓட்டத்தைத் தூண்டி ஆபத்து விளைவிக்கும் விதத்தில் தூரத்துக்குக் கூலி பேசுவதையே தடுக்கிறது. 45 மணி நேர வார ஓய்வைக் கேபினில் கழிக்கக் கூடாது, தங்குமிடத்துக்கு முதலாளி பணம் தர வேண்டும் என்றும் சொல்கிறது. சட்டம் சொல்வதெல்லாம் நடக்கிறதா என்றால், இல்லை. 2023ல் ஜெர்மனியின் கிரேஃபென்ஹவுசன் நெடுஞ்சாலை ஓய்விடத்தில் ஜார்ஜியா, உஸ்பெகிஸ்தான் நாட்டு டிரைவர்கள் சம்பளப் பாக்கிக்காக வாரக்கணக்கில் வண்டிகளை நிறுத்திப் போராட வேண்டியிருந்தது. ஆனாலும் கையைக் காட்டிக் கேட்க ஒரு சட்டப் பிரிவாவது இருக்கிறது. அதனால் ஓட்டும் நேரத்தையும் வாங்கும் கூலியையும் வைத்து என் ஓட்டு ஆக்ட்ரோஸுக்கே.

படுக்கைதான் பெரிய குறை. அதையும் சரிசெய்யச் சட்டம் வழிவிட்டது: காற்றைக் கிழித்துப் போகும் வடிவமும் பாதுகாப்பும் மேம்பட்டால் கேபினை நீட்டிக்கொள்ளலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் விதியைத் தளர்த்தியது. 2021ல் டாஃப் நிறுவனம் தன் எக்ஸ்ஜி வண்டியில் கேபினின் பின்பக்கத்தை 33 சென்டிமீட்டர் நீட்டி, அதை டிரைவருக்கே கொடுத்தது. மெர்சிடிஸ் 2024ன் புரோகேபினில் முன்பக்கத்தை 8 சென்டிமீட்டர் நீட்டியது காற்றின் தடையைக் குறைத்து டீசலை மிச்சப்படுத்துவதற்காக. அடுத்த கேபினிலாவது மெர்சிடிஸ் அந்த இடத்தைப் படுக்கைப் பக்கம் தர வேண்டும்.